கேசட்டில் கேம் எப்படி இருந்தது? ஒரு ஸ்பெக்ட்ரம் காலத்துப் பையனின் பதில்

"அப்பா சின்ன வயதில் பாட்டுக் கேசட்டில் கம்ப்யூட்டர் கேம் போட்டு விளையாடினாராம். ஒரு கேம் வருவதற்கு ஐந்து நிமிடம் காத்திருப்பாராம். கேசட்டுக்குள் கேம் எப்படி இருக்க முடியும்? காத்திருந்த கதையை ஏன் இவ்வளவு ஆசையாகச் சொல்கிறார்?" என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார். அப்பா வைத்திருந்தது இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்றும் எழுதியிருக்கிறார். நானும் அதே கம்ப்யூட்டரில் வளர்ந்தவன்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், அப்பா சொல்வது முழு உண்மை. பாட்டுக் கேசட்டுக்கும் கேம் கேசட்டுக்கும் பொருளில் ஒரு வித்தியாசமும் கிடையாது. அதே பிளாஸ்டிக் கூடு, அதே பழுப்பு நாடா, அதே டேப் ரெக்கார்டர். பாட்டு இருக்க வேண்டிய இடத்தில் காதைக் குத்தும் ஒரு கிறீச்சொலி இருக்கும். அந்த ஒலிதான் கேம்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சின்க்ளேர் ரிசர்ச் நிறுவனம் 1982 ஏப்ரல் 23 அன்று ஸ்பெக்ட்ரத்தை அறிமுகப்படுத்தியது. 16 கேபி (நினைவகத்தின் அளவு) மாடல் 125 பவுண்டு, 48 கேபி மாடல் 175 பவுண்டு. அப்போது அங்கே பள்ளிகளில் புழங்கிய பிபிசி மைக்ரோ என்ற கம்ப்யூட்டரின் பி மாடல் 399 பவுண்டு. விலையை இவ்வளவு இறக்க நிறுவனர் கிளைவ் சின்க்ளேர் கையாண்ட வழி எளிமையானது: வீட்டில் ஏற்கனவே இருப்பதை விற்காதே. திரைக்கு டிவி இருக்கிறது. சேமிக்க டேப் ரெக்கார்டர் இருக்கிறது. நடுவில் வைக்க ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி மட்டும் போதும். பள்ளி நோட்டுப் புத்தகம் அளவுதான் இருக்கும். மேலே சாம்பல் நிறத்தில் கீபோர்டின் 40 ரப்பர் சாவிகள், வலது ஓரத்தில் சாய்வாக நான்கு வண்ணக் கோடுகள். அந்த உருவத்தை வடிவமைத்தவர் ரிக் டிக்கின்சன். இப்போது எங்காவது படத்தில் பார்த்தாலும் என் விரல் நுனியில் அந்த ரப்பரின் மெத்தென்ற தொடு உணர்வு வந்துவிடும்.

எங்கள் வீட்டுக்கு அது 1985 டிசம்பரில் வந்தது. லண்டனில் வேலை பார்த்த மாமா விடுமுறைக்குச் சென்னை வந்தபோது, சூட்கேஸில் துண்டால் சுற்றிக் கொண்டுவந்தார். நான் அப்போது எட்டாம் வகுப்பு. பெட்டியைப் பிரித்து, பவர் சப்ளையின் பிளக்குக்கு ஒரு அடாப்டர் தேடிப் பிடித்து, டிவியின் ஆன்டெனா துளையில் வயரைச் சொருகினோம். புள்ளி மழையைத் தவிர ஒன்றும் வரவில்லை. மாமா அரை மணி நேரம் குமிழைத் திருப்பினார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. ஸ்பெக்ட்ரம் படத்தை அனுப்புவது யுஹெச்எஃப் என்ற டிவி அலைவரிசையில், 36-ஆம் சேனலில். எங்கள் கறுப்பு வெள்ளை டிவியில் இருந்தது விஹெச்எஃப் என்ற வேறு அலைவரிசை மட்டும்தான், தூர்தர்ஷனுக்கு அது போதும். வந்த கம்ப்யூட்டர் நல்ல கம்ப்யூட்டர், ஆனால் அதைப் பார்க்க வீட்டில் கண் இல்லை.

எதிர்வீட்டில் சிங்கப்பூரிலிருந்து வந்த கலர் டிவி இருந்தது. அதில் யுஹெச்எஃப் உண்டு. அந்த வீட்டு அத்தையிடம் அம்மா போய்ப் பேசினார். "டிவி கெட்டுப்போயிடாதே?" என்று அத்தை கேட்டார். கெடாது என்று மாமா நான்கு முறை சொன்ன பிறகு அனுமதி கிடைத்தது. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் நேரத்திலும் ஞாயிறு மாலைப் படத்தின்போதும் தொடக்கூடாது, மற்ற நேரத்தில் வரலாம். அதன் பிறகு இரண்டு வருடம், ஸ்பெக்ட்ரத்தை ஒரு துணிப்பையிலும் டேப் ரெக்கார்டரை இன்னொரு கையிலும் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தபடி இருந்தேன்.

சரி, லோட் செய்வது, அதாவது கேசட்டிலிருந்து கேமை ஏற்றுவது எப்படி என்று சொல்கிறேன். ஸ்விட்சைப் போட்டதும் வெள்ளைத் திரையில் கீழே சின்க்ளேர் ரிசர்ச், 1982 என்ற வரி மட்டும் வரும். மெனு இல்லை, படம் இல்லை. உன் கட்டளைக்காக அது காத்திருக்கும். 'ஜே' சாவியை ஒரு முறை அழுத்தினால் 'லோட்' என்ற முழுச் சொல்லும் வந்துவிடும். ஸ்பெக்ட்ரத்தில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு சாவி, எழுத்துக் கூட்டி அடிக்க வேண்டியதில்லை. அடுத்து சிம்பல் ஷிஃப்டோடு 'பி' இரண்டு முறை, இரண்டு மேற்கோள் குறிகள். என்டர். உடனே டேப் ரெக்கார்டரில் பிளே. நடுவே ஒரு பெயரும் இல்லாத அந்த இரட்டை மேற்கோளுக்கு அர்த்தம், 'முதலில் எது வந்தாலும் எடுத்துக்கொள்' என்பது.

முதலில் வருவது நீளமான ஒரே சுருதி, ஏறக்குறைய ஐந்து நொடி. நொடிக்குச் சுமார் 800 முறை துடிக்கும் ஒலி அது. 'நான் வருகிறேன், வேகத்தைப் பிடித்துக்கொள்' என்று டேப் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் குரல் என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது திரையின் நான்கு ஓரங்களிலும் சிவப்பும் வெளிர்நீலமுமாகப் பட்டைப் பட்டையாகக் கோடுகள் ஊரும். பிறகு 'ப்ர்ர்க்' என்று ஒரு வெட்டு. அது தலைப்பு: கேமின் பெயர், நீளம் எல்லாம் சேர்த்து 17 பைட் (ஒரு பைட் என்பது ஓர் எழுத்து பிடிக்கும் இடம்). பெயருக்கு அதிகபட்சம் 10 எழுத்து. திரையில் பெயர் வந்ததும் கேசட்டில் சரியான இடத்தில் இருக்கிறோம் என்று உயிர் வரும். மறுபடி அந்தச் சுருதி. அதன்பின் தகவல் கொட்டத் தொடங்கும்போது ஓரக் கோடுகள் மெலிந்து, நீலமும் மஞ்சளுமாக மாறித் துடிக்கும்.

ஒலியாக எழுதுவது எப்படி என்பது கேட்டால் ஆச்சரியமாக இருக்கும், அவ்வளவு சுலபம். கம்ப்யூட்டருக்கு எல்லாமே 0, 1 தான். 0 என்றால் ஒரு குட்டி அலை. 1 என்றால் அதைப் போல இரண்டு மடங்கு நீளமான அலை. அவ்வளவே. நாடா ஓட ஓட, ஸ்பெக்ட்ரத்தின் இசட்80 பிராசஸர் ஒவ்வொரு அலையின் நீளத்தையும் அளந்து, குட்டையா நெட்டையா என்று பார்த்து, எட்டு எட்டாகக் கோத்து நினைவகத்தில் வைக்கும். நொடிக்குச் சுமார் 1500 பிட், அதாவது 1500 முறை 0 அல்லது 1. அந்த வேகத்தில் 40 கேபியை ஏற்றி முடிக்க நான்கைந்து நிமிடம் ஆகத்தான் செய்யும். அப்பா சொன்ன ஐந்து நிமிடம் இதுதான்.

அந்த ஐந்து நிமிடத்தில் சும்மா இருந்தோம் என்று நினைத்துவிடக் கூடாது. கேம் வருவதற்கு முன் அட்டைப்படம் மாதிரி ஒரு படம் ஏறும். அது ஏறும் விதமே தனி. திரை மேல், நடு, கீழ் என்று மூன்று பகுதியாகப் பிரிந்திருக்கும். மேல் பகுதியில் முதலில் எட்டு கோடுகளுக்கு ஒன்று என்று மெல்லிய இழைகள் விழும். அடுத்த சுற்றில் அவற்றுக்குக் கீழே ஒவ்வோர் இழை. தறியில் ஊடை நிறைவதுபோல இடைவெளி நிறைந்துகொண்டே வரும். அப்புறம் நடுப்பகுதி, அப்புறம் கீழ்ப்பகுதி. இவ்வளவு நேரமும் எல்லாம் கறுப்பு வெள்ளைதான். கடைசியில் நாலைந்து நொடியில், மேலிருந்து கீழாகக் கட்டம் கட்டமாக நிறம் ஏறும். எதிர்வீட்டு அத்தை தினமும் "இந்தச் சத்தம் எப்பப்பா நிக்கும்?" என்று கேட்பார். ஆனால் நிறம் ஏறும் அந்த நொடிக்கு மட்டும் கரண்டியோடு சமையல்கட்டு வாசலில் வந்து நிற்பார்.

எல்லாம் முடிந்து கேம் தொடங்க வேண்டிய இடத்தில், சில நாள் ஒற்றை வரி வரும்: 'ஆர் டேப் லோடிங் எரர்'. அந்த நான்கு சொல்லைப் பார்த்து அழுதவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், நானும் ஒருவன். அது ஏன் பெரும்பாலும் கடைசியில் வந்தது என்பதற்குக் காரணம் உண்டு. ஏற்றிய எல்லா பைட்டுகளையும் வைத்துக் கணக்குப் பார்க்க, ஒவ்வொரு தொகுதியின் முடிவிலும் ஒரே ஒரு சரிபார்க்கும் பைட் இருக்கும். நடுவில் ஒரு பிட் தவறினாலும் அந்தக் கணக்கு இடிக்கும், ஆனால் இடிப்பது தெரிவது முடிவில்தான். நான்கு நிமிடம் காத்திருந்த பிறகு. அல்லது மூன்றரை நிமிடத்தில் கரண்ட் போகும். சென்னையில் அதற்குக் குறைவே இல்லை.

1986 கோடையில் எங்கள் டேப் ரெக்கார்டரில் எந்த கேமும் ஏறாமல் போனது. மாமா லண்டன் திரும்பிவிட்டார், கேட்க ஆளில்லை. சைதாப்பேட்டையில் எங்கள் தெருமுனையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவரிடம் கொண்டுபோனேன். கம்ப்யூட்டரை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. "பாட்டு நல்லாத்தானே பாடுது தம்பி" என்றார். நான் கேம் கேசட்டைப் போட்டுக் காட்டினேன். அந்தக் கிறீச்சொலியை முகம் சுளிக்காமல் ஒரு நிமிடம் கேட்டார். பிறகு மூடியைத் திறந்து, பிளே அழுத்தினால் மேலேறி வந்து நாடாவைப் படிக்கும் ஹெட்டைக் காட்டினார். அதன் ஓரத்தில் ஒரு பொடி ஸ்க்ரூ இருந்தது. "ஹெட்டு லேசா சாஞ்சிருக்கு. பாட்டுல தெரியாது. இதுல கீச்சுக்குரல் அடைச்சுப் போகுது, கேளு." கடிகாரம் ரிப்பேர் செய்யும் ஸ்க்ரூ டிரைவரால் அரைக்கால் சுற்று திருப்பினார். ஒலி மந்தமானது. எதிர்ப்பக்கம் திருப்பினார். திரை விலகியது போல ஒலி கூர்மையானது. "இங்கதான்" என்றார். எதிர்வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டேன், முதல் தடவையிலேயே ஏறியது.

காசு வாங்கவில்லை. அந்த ஸ்க்ரூ டிரைவரையும் எனக்கே கொடுத்துவிட்டார். அதன்பின் ஒவ்வொரு கேசட்டுக்கும் நானே காதால் கேட்டுத் திருகிக்கொண்டேன். நண்பர்களிடமிருந்து வந்த நகல்கள் வேறு வேறு ரெக்கார்டரில் பதிந்தவை, ஒவ்வொன்றுக்கும் ஹெட் வேறு சாய்வு கேட்கும். வால்யூம் எங்கே நிற்க வேண்டும் என்று அக்காவின் நெயில் பாலிஷால் குமிழில் ஒரு புள்ளி வைத்திருந்தேன். நல்ல பதிவின் ஒலி எது, தேய்ந்த நகலின் ஒலி எது என்று ஐந்து நொடியில் சொல்லிவிடுவேன். உங்கள் கேள்விக்கு என் பதிலின் மையம் இங்கேதான் இருக்கிறது. அந்த கம்ப்யூட்டர் எதையும் நம்மிடமிருந்து மறைக்கவில்லை. தகவல் வருவது காதில் கேட்டது. நினைவகத்தில் உட்காருவது கண்ணில் தெரிந்தது. எங்கே தவறியது என்பதைக் கையால் திருத்த முடிந்தது.

நிறமும் அப்படித்தான். ஸ்பெக்ட்ரம் கேமில் ஒரு சிவப்பு ஆள் பச்சைச் செடியைக் கடந்து நடந்தால், செடியின் ஒரு கட்டம் சட்டென்று சிவப்பாகிவிடும், அல்லது ஆள் பாதி பச்சையாவான். குறைபாடு என்று இதைப் பலரும் சொல்வார்கள். எனக்கு அது ஒரு கணக்குப் பாடம். திரையில் 256-க்கு 192 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம் என்றால், புள்ளிக்கு நான்கு பிட் வைத்தாலும் 24 கேபி ஆகிவிடும். 16 கேபி மாடலில் அவ்வளவு நினைவகமே இல்லை. அதனால் புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதற்கு மட்டும் 6144 பைட் ஒதுக்கினார்கள். நிறத்துக்கு, எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட ஒரு கட்டத்துக்கு ஒரு பைட் என்று வெறும் 768 பைட். ஒரு கட்டத்தில் இரண்டே நிறம். மொத்தம் 6912 பைட்டில் முழு வண்ணத் திரை. படம் ஏறும்போது நிறம் ஏன் தனியாகக் கடைசியில் வந்தது என்பது இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும்.

இந்த நெருக்கடிக்குள் நல்ல கேம் செய்தவர்கள்மேல் எனக்கு இன்றுவரை மரியாதை குறையவில்லை. 1984-ல் அல்டிமேட் என்ற நிறுவனத்தின் ஸ்டாம்பர் சகோதரர்கள் வெளியிட்ட 'நைட் லோர்' கேமில் அறைகள் மூலையிலிருந்து பார்ப்பதுபோல முப்பரிமாணத்தில் நிற்கும். மேசைக்குப் பின்னால் போனால் ஆள் மறைவான். நிறம் கலந்து கெட்டுவிடாமல் இருக்க, ஒவ்வோர் அறையையும் ஒரே நிறத்தில் வரைந்துவிட்டார்கள். இல்லாததை மறைக்கப் பார்க்கவில்லை, அதையே அழகாக்கிக்கொண்டார்கள். அதே வருடம் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் பிபிசி மைக்ரோவுக்கு 'எலைட்' எழுதினார்கள். எட்டு விண்மீன் மண்டலம், மண்டலத்துக்கு 256 உலகம். எதுவுமே சேமித்து வைக்கப்படவில்லை. ஆறு பைட் விதையிலிருந்து கணக்குப் போட்டு, ஒவ்வொரு ஊரின் பெயரும் இடமும் விலைவாசியும் அந்தந்த நேரத்தில் முளைக்கும். அடுத்த வருடம் அது ஸ்பெக்ட்ரத்துக்கும் வந்தது.

ஆனால் ஒரே ஒரு கேமைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றால் நான் 'மானிக் மைனர்' என்பேன். மாமா கொண்டுவந்த மூன்று அசல் கேசட்டுகளில் ஒன்று அது. 1983-ல் மாத்யூ ஸ்மித் எழுதியது. அப்போது அவருக்கு 17 வயது. வில்லி என்ற சுரங்கத் தொழிலாளி, 20 குகைகள். ஒவ்வொரு குகையிலும் மினுங்கும் சாவிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போக வேண்டும். கீழே காற்றின் அளவு குறைந்துகொண்டே வரும். மிதித்தால் இடிந்து போகும் தரை உண்டு, தானாக இழுத்துப்போகும் பட்டை உண்டு. கீபோர்டில் மூன்றே சாவிகளால் விளையாடலாம்: இடம், வலம், குதி. குதித்துவிட்டால் காற்றில் திசை மாற்ற முடியாது. அதனால் குதிக்கும் முன் யோசித்தே ஆக வேண்டும். ஒரு புள்ளி தள்ளி நின்று குதித்தால் மரணம், சரியாக நின்றால் மயிரிழையில் தாண்டலாம். எல்லா உயிரும் போனால் மேலிருந்து ஒரு பெரிய பூட்ஸ் கால் இறங்கி வில்லியை நசுக்கும்.

விளையாடும்போதே பின்னணியில் கிரீக் என்ற நார்வே இசையமைப்பாளரின் மெட்டு ஒன்று திரும்பத் திரும்ப ஒலிக்கும். இது அன்று பெரிய விஷயம். ஸ்பெக்ட்ரத்தில் இசைக்கென்று தனிச் சிப் கிடையாது. ஸ்பீக்கரை ஒவ்வொரு முறையும் தட்டி எழுப்புவது பிராசஸரின் வேலை. அது ஸ்பீக்கரைத் தட்டும்போது வேறு எதையும் செய்ய முடியாது. எனவே வில்லியை ஒரு அடி நகர்த்து, ஒரு துளி இசை, எதிரியை நகர்த்து, ஒரு துளி இசை என்று பிரித்துப் பிரித்துப் போட்டிருந்தார். அந்த மெட்டு கொஞ்சம் விக்கி விக்கி வருவது இதனால்தான். ஒரே ஆள் சமைத்துக்கொண்டே பாடுவதுபோல.

என்னால் ஏழாவது குகையைத் தாண்டவே முடியவில்லை. அப்போது மாமா கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தார்: 'போக் 35136, 0'. போக் என்றால் நினைவகத்தின் குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட எண்ணை நேரடியாக எழுதுவது. கேமைத் தொடங்கிவைக்க, பேசிக் என்ற எளிய கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய சின்ன புரோகிராமில் இந்த வரியைச் சேர்த்தால் வில்லிக்கு உயிர் குறையவே குறையாது. ஏமாற்று வேலைதான். ஆனால் எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. கேமுக்குள் 35136 என்று ஒரு விலாசம் இருக்கிறது, அங்கே 'ஓர் உயிரைக் கழி' என்ற கட்டளை உட்கார்ந்திருக்கிறது, அதை எடுத்துவிட்டு 'ஒன்றும் செய்யாதே' என்பதை வைக்கலாம். கேம் என்பது யாரோ மூடிக் கொடுத்த பெட்டி இல்லை, கதவு எண் போட்ட வீடுகள் நிறைந்த தெரு என்று புரிந்துபோனது.

இப்படி உள்ளே நுழைந்தவர்களால் கேமே காப்பாற்றப்பட்ட கதையும் உண்டு. ஸ்மித்தின் அடுத்த கேம் 'ஜெட் செட் வில்லி', 1984. அதில் பரண் அறைக்குள் ஒருமுறை போய்விட்டால், அங்கே பறக்கும் ஓர் அம்பு தன் எல்லை தாண்டி நினைவகத்தின் வேறு பகுதியில் எழுதிவிடும். அதன்பின் வேறு சில அறைகளில் கால் வைத்தாலே மரணம். முதலில் முடிப்பவருக்குப் பரிசு என்று போட்டி வேறு அறிவித்திருந்தார்கள், முடிக்கவே முடியாத கேமுக்கு. அது வேண்டுமென்றே வைத்ததுதான் என்று முதலில் ஒரு விளக்கம் வந்தது. கடைசியில் பரிசு வாங்கிய இருவர், அந்தப் பிழைகளைத் தாங்களே கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டு விளையாடியவர்கள். திருத்தங்கள் போக் வரிகளாக எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தன.

கேம் அலுத்தால் எழுதத் தொடங்கிவிடலாம், அதுதான் அந்த கம்ப்யூட்டரின் பெரிய கொடை. வேறு மென்பொருள் எதுவும் தேவையில்லை, ஸ்விட்ச் போட்டதுமே நீ நிற்பது பேசிக் மொழிக்குள். கூடவே வந்த கையேட்டை ஸ்டீவ் விக்கர்ஸ் எழுதியிருந்தார், ஸ்பெக்ட்ரத்தின் பேசிக்கை எழுதியவரும் அவரே. அட்டையில் ஜான் ஹாரிஸ் வரைந்த ஏதோ எதிர்கால நகரம். அந்தப் புத்தகத்தில் 'பீப்' என்ற கட்டளைக்கு ஓர் அத்தியாயம் இருந்தது. இரண்டு எண் கொடுக்க வேண்டும்: எத்தனை நொடி, எந்த சுரம். 0 என்றால் பியானோவின் நடு 'சி'. அதற்கு மேல் ஒவ்வோர் எண்ணும் ஓர் அரைச்சுரம்.

என் அக்கா அப்போது பாட்டு கற்றுக்கொண்டிருந்தாள். நடு 'சி' என்றால் ஒரு கட்டை சுருதி என்று அவள்தான் சொன்னாள். பன்னிரண்டு சுரஸ்தானம், பன்னிரண்டு எண். இருவருமாக உட்கார்ந்து மாயாமாளவகௌளைக்கு எண் எழுதினோம்: 0, 1, 4, 5, 7, 8, 11, 12. சரளி வரிசையின் முதல் வரிசையை அடித்து ஓடவிட்டோம். எதிர்வீட்டுக் கூடத்தில், குச்சியால் தட்டுவதுபோன்ற அந்த மெல்லிய குரலில், ஸ்பெக்ட்ரம் 'ச ரி க ம ப த நி ச' பாடியது. "கமகமே இல்லையேடா" என்றாள் அக்கா. ஆனால் சிரித்துவிட்டாள். அப்புறம், "எனக்கு ஒரு கட்டை ஒத்துவராது, நான் அஞ்சு கட்டை" என்றாள். அவள் சுருதிக்குக் கொண்டுவர ஒவ்வோர் எண்ணிலும் 5 கழிக்க வேண்டும். எல்லா வரியையும் அழித்து மறுபடி அடித்தேன். அடுத்த நாள் அவள் தோழிக்காக வேறு சுருதி. மறுபடி எல்லா வரியும். மூன்றாவது முறை கையேட்டைப் புரட்டியபோது, ஓர் எழுத்துக்கு ஒரு மதிப்பைக் கொடுத்துவிட்டு எல்லா இடத்திலும் அந்த எழுத்தையே பயன்படுத்தலாம் என்று கண்டேன். 'எஸ்' என்று வைத்தேன், சுருதிக்கு. முதல் வரியில் எஸ்ஸை மாற்றினால் பாட்டு முழுக்க வேறு கட்டைக்குப் போய்விடும். கணிதத்தில் மாறி என்று வாத்தியார் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

இந்தியாவில் இந்த அனுபவம் பலருக்குக் கிடைக்கவில்லை என்பது உண்மை. டெசிபெல்ஸ் என்ற நிறுவனம் 'டிபி ஸ்பெக்ட்ரம்' என்ற பெயரில் இங்கேயே விற்றது. பள்ளிகளில் கம்ப்யூட்டர் அறிமுகப்படுத்த 1984-ல் தொடங்கிய கிளாஸ் என்ற அரசுத் திட்டத்தில் சில பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ வந்தது. அதற்கு மேல் பெரிதாகப் பரவவில்லை. இங்கிலாந்தில் 1986-ல் சின்க்ளேரின் கம்ப்யூட்டர் தொழிலை ஆம்ஸ்ட்ராட் 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. நம் ஊரில் பெரும்பாலானவர்கள் கேமைச் சந்தித்தது தொண்ணூறுகளில், பிளாப்பி டிஸ்கில், ஏசி போட்ட கம்ப்யூட்டர் சென்டரில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போய். அது வேறொரு நல்ல கதை.

அப்பா ஏன் காத்திருந்ததை ஆசையாகச் சொல்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். அவர் மனதை நான் பேச முடியாது, என் மனதைச் சொல்கிறேன். எனக்கு அது காத்திருப்பாகவே இருந்ததில்லை. காது கேட்டுக்கொண்டே இருக்கும், கண் ஓரக் கோடுகளில் இருக்கும், விரல் வால்யூம் குமிழில் இருக்கும். வில்லி முதல் குகையில் வந்து நிற்கும்போது அவனை நாங்கள்தான் அங்கே கொண்டுவந்து சேர்த்ததாகத் தோன்றும். அப்படிக் கொண்டுவந்த கேமை ஒரே நிமிடத்தில் பிடிக்கவில்லை என்று தூக்கிப் போட மனம் வராது. மூன்று கேசட்டை ஒரு வருடம் விளையாடினேன். ஒவ்வொரு குகையிலும் எந்தப் புள்ளியில் நின்று குதிக்க வேண்டும் என்பது இப்போதும் கைக்குத் தெரியும்.

இதை நீங்கள் அப்பாவோடு அனுபவிக்க வழி இருக்கிறது. 2024 நவம்பரில் பழைய உருவத்திலேயே ரப்பர் சாவிகளோடு 'தி ஸ்பெக்ட்ரம்' என்று ஒன்று வெளிவந்தது. டிவியில் ஹெச்டிஎம்ஐ வயரைச் சொருகினால் போதும், 36-ஆம் சேனல் தேடும் பாடு இல்லை. வாங்க வேண்டாம் என்றால் லேப்டாப்பில் ஏதாவதொரு ஸ்பெக்ட்ரம் எமுலேட்டரை, அதாவது பழைய கம்ப்யூட்டர் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளை, போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று செய்யுங்கள். எமுலேட்டர்களில் டேப்பை ஒரு நொடியில் ஏற்றிவிடும் வசதி பெரும்பாலும் தானாகவே இயங்கும்படி இருக்கும். அமைப்புக்குள் போய் அதை நிறுத்திவிட்டு, டேப் ஒலியைக் கேட்கும்படி வையுங்கள். 'ஜே', இரண்டு மேற்கோள், என்டர். ஸ்பீக்கரைக் கொஞ்சம் சத்தமாக வைத்து, அப்பா பக்கத்து அறையில் இருக்கும்போது பிளே அழுத்துங்கள். முதல் ஐந்து நொடி அந்த நீளமான சுருதி முடிவதற்குள் அவர் வந்து நிற்பார். நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு, மூன்றாவது குகை வரைக்கும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.